கரண்ட் வைத்த கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்த மருத்துவர்

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இடுப்புக்கு 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து முடித்து ஓராண்டு கழித்து, உட்காரும் இடத்துக்கு மேலே வலி ஆரம்பித்தது. வேறோர் இடத்தில் எடுத்த எலும்பு ஸ்கேன் அறிக்கை நான்கே வரி: எலும்புக்குப் பரவியிருக்கலாம். கரண்ட் வைத்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அங்கே யாரும் கேட்கவும் இல்லை. அன்றிரவு அம்மா பீரோ சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தப் படங்களோடுதான் இந்த மையத்துக்கு வந்தோம். அணு மருத்துவப் பிரிவின் மருத்துவர் முதலில் சிகிச்சைக் கோப்பைக் கேட்டார். எந்த இடத்துக்கு, எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எந்தத் தேதியில் முடிந்தது என்று குறித்துக்கொண்டு, அம்மாவைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இது புற்றை நேராகக் காட்டும் ஸ்கேன் இல்லை அம்மா. எலும்பு எங்கே மும்முரமாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறதோ, அங்கே ஊசியில் போட்ட மருந்து கூடுதலாகச் சேரும். முறிவு ஆறும்போதும் படத்தில் கறுக்கும், மூட்டு தேய்ந்தாலும் கறுக்கும்."

முதுகெலும்பின் அடிப்பகுதி ஒரு கோட்டுக்குக் கீழே சட்டென்று வெளிறியிருந்தது, அளவுகோல் வைத்து வெட்டியதுபோல. கரண்ட் பட்ட எல்லை அது. அதற்கும் கீழே, திரிக எலும்பின் (இடுப்பின் பின்பக்கம் உள்ள முக்கோண எலும்பு) இரு பக்கமும் கறுத்து, நடுவே ஒரு குறுக்குப் பட்டை: ஆங்கில 'எச்' எழுத்தேதான். கதிர்வீச்சில் வலுவிழந்த எலும்பு உடல் பாரம் தாங்காமல் விரிசல் விட்டால் இந்த வடிவம் வரும் என்றார். ஆனாலும் ஊகத்தோடு விடவில்லை. இன்னொரு நாள் வரச்சொல்லி, ஊசி போட்டு, எலும்பு ஸ்கேனைச் சி.டி.யோடு சேர்த்து எடுத்து, விரிசல் கோட்டையே காட்டினார். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யும் அதையே உறுதி செய்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே அம்மா சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஊசி போட்டபின் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்கிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதில் தேங்கும் மருந்தே இடுப்பெலும்பை மறைத்துவிடும். அப்படியிருக்க, பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதுவும் நடைபாதையின் கடைசியில். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை நடந்தார். இடுப்பு வலியோடு வருகிறவர்களுக்காக ஒரு சக்கர நாற்காலியாவது அங்கே நிறுத்தி வையுங்கள்.