ஸ்க்ரம்மா, கான்பானா: ஓசூர் தொழிற்சாலையின் ஐந்து பேர் ஐடி குழுவுக்கு எது ஒத்துவரும்?

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் பல தொழிற்சாலைகளில், லைன் சூப்பர்வைசரிடம் கான்பான் என்றால் என்ன என்று கேட்டால் உதிரிபாகம் வைக்கும் பெட்டியில் (பின்) செருகியிருக்கும் கார்டை உருவிக் காட்டிவிடுவார். அதே கட்டடத்து மாடியில் இருக்கும் ஐடி குழுவோ பெங்களூரில் பயிற்சிக்குப் போய்வந்து ஸ்க்ரம் நடத்திக்கொண்டிருக்கும். ஸ்க்ரம் என்றால் ஸ்பிரிண்ட் எனும் நிலையான காலத்துண்டுகளாக, உதாரணமாக இரண்டிரண்டு வாரமாக, வேலையைத் திட்டமிட்டுச் செய்வது. கான்பான் என்றால் ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாகப் போர்டில் வைத்து, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு போட்டு, இடம் காலியானதும் அடுத்ததை இழுப்பது. இரண்டில் எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். மூன்று பேர் முதல் எட்டு பேர் வரை உள்ள, தன் நிறுவனத்துக்கே மென்பொருள் எழுதிப் பராமரிக்கும் குழுவை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

முதலில் நேரக் கணக்கு. ஸ்க்ரம் வழிகாட்டியின்படி ஒரு மாத ஸ்பிரிண்டுக்குத் திட்டமிடல் அதிகபட்சம் 8 மணி நேரம், செய்ததைக் காட்டும் ரிவ்யூ 4, வேலை நடந்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ 3, தினக்கூட்டம் 15 நிமிடம். இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு இதைப் பாதியாக்கினால் 4, 2, ஒன்றரை. வாரம் ஆறு நாள் வேலை என்றால் தினக்கூட்டம் 3 மணி. ஆளுக்குப் பத்தரை மணி, ஐந்து பேருக்கு 52 மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு 8 மணி என்று பார்த்தால் மொத்தம் இருப்பது 480 மணி. அதில் சுமார் 11 சதவீதம் கூட்டத்துக்கே போகிறது. இது உச்சவரம்புதான், பழகிய குழு பாதியில் முடித்துவிடும். புதிதாக ஒன்றைக் கட்டும்போது இந்தச் செலவு வீண் இல்லை. உதாரணமாக, ஹீட் நம்பரிலிருந்து (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) டிஸ்பாட்ச் வரை பாகத்தைத் தடம்பிடிக்கும் டிரேசபிலிட்டி மாட்யூல்: நான்கு மாத வேலை. பிளான்ட் ஹெட் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்து “இது இல்லை, எனக்கு வேண்டியது வேற” என்று சொல்வதற்கு அந்த ரிவ்யூவை விட்டால் நல்ல இடம் கிடையாது. கான்பானில் இப்படி நிறுத்திக் கேட்கும் நாள் தானாக வராது. நாம்தான் நாள்காட்டியில் போட வேண்டும். போடாத குழுக்களில் பெரிய வேலை ஆறு மாதம் “90 சதவீதம் முடிந்த” நிலையிலேயே கிடக்கும்.

ஸ்க்ரம் தடுமாறுவது நடுவில் வந்து விழும் வேலையில். டிஸ்பாட்ச்சில் பார்கோடு லேபிள் அடிக்கவில்லை, வாடிக்கையாளர் போர்ட்டலில் ஏஎஸ்என் (சரக்கு வருகிறது என்ற முன்னறிவிப்பு) ஏறவில்லை, வண்டி கேட்டில் நிற்கிறது. இதை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ள யாராலும் முடியாது.

ஒரு நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2025 செப்டம்பர் 3, புதன்கிழமை, ஜிஎஸ்டி கவுன்சில் விகித மாற்றத்தை அறிவித்தது. 28 சதவீதத்தில் இருந்த வாகன உதிரிபாகங்கள் 18 சதவீதத்துக்கு வந்தன, அமலுக்கு வந்தது செப்டம்பர் 22, திங்கள். செப்டம்பர் 1 திங்களன்று இரண்டு வார ஸ்பிரிண்ட் தொடங்கிய குழு “ஸ்பிரிண்ட் முடியட்டும்” என்று உட்கார்ந்தால், 15-ம் தேதி திட்டமிட்டு 20-ம் தேதி சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்: ஆறே நாள். மறுநாளே கையில் எடுத்த குழுவுக்கு ஞாயிறு போக 15 நாள். நியாயமாகச் சொன்னால், ஸ்பிரிண்ட் நடுவில் புராடக்ட் ஓனரோடு (எந்த வேலை முதலில் என்று முடிவெடுப்பவர்) பேசி வேலையை மாற்றிக்கொள்ள ஸ்க்ரம் தடை போடவில்லை. ஆனால் நடைமுறையில் “கமிட் பண்ணிட்டோம்” என்ற சொல் விதியைவிடக் கெட்டியாகிவிடுகிறது.

இந்த வேலையின் உள்ளே என்ன இருந்தது என்பதும் முக்கியம். ஐட்டம் மாஸ்டரில் (பொருள்களின் விவரப் பட்டியல்) வரி விகிதம் ஒரே எண்ணாக இருந்து, 28-ஐ அழித்து 18 போட்டால், ஆகஸ்டில் விற்றுத் திரும்பிவந்த சரக்குக்கான கிரெடிட் நோட்டும் 18-ல் அடிக்கும். பழைய இன்வாய்ஸோடு பொருந்தாது. விகிதத்தோடு “எந்தத் தேதியிலிருந்து” என்ற பத்தியும் வேண்டும். அதனால் இது ஒரு கார்டு அல்ல, நான்கு: தேதியோடு கூடிய விகித மாஸ்டர், பழைய வரியோடு திறந்து கிடக்கும் ஆர்டர்கள், கிரெடிட் நோட், வாடிக்கையாளர் போர்ட்டல் சோதனை. கான்பானில் இவற்றின் மேல் 22-ம் தேதியை எழுதி “தேதி வேலை” வரிசையில் வைத்து, அவசரத்துக்கு ஏற்ப இழுத்துக்கொள்ளலாம்.

கான்பான் என்றதும் பலர் மூன்று பத்தி போட்ட போர்டு என்று நினைத்துவிடுகிறார்கள். வரம்பு இல்லாத போர்டு வெறும் நோட்டீஸ் பலகைதான். கீழே லைனில் பாருங்கள்: ஒரு நாளுக்கு 1,200 புஷ் (ஒரு உதிரிபாகம்) தேவை, நிரப்பிவர அரை நாள், 20 சதவீதம் பாதுகாப்பு, ஒரு பின்னில் 120 உருப்படி என்றால் 1,200 × 0.5 × 1.2 ÷ 120, அதாவது ஆறு கார்டு. ஏழாவது கார்டு கிடையாது. காலி பின் வராமல் ஸ்டோர்ஸ் சரக்கு அனுப்பாது. மென்பொருளில் அந்தக் காலி பின் என்பது பத்தியில் உள்ள காலி இடம். ஐந்து பேர் குழுவுக்குச் செய்வதில் 4, சோதனையில் 3, பயனர் ஒப்புதலில் 3 என்று தொடங்கலாம். ஒரு வேறுபாடு உண்டு: பின்னில் எல்லாம் ஒரே உருப்படி, இங்கே ஒரு கார்டு அரை நாள், இன்னொன்று 15 நாள். மூன்று நாளைத் தாண்டும் கார்டைப் பிரித்துவிட்டுத்தான் போர்டில் ஏற்ற வேண்டும்.

வரம்பு எங்கே வேலை செய்கிறது என்றால், அடைப்பு இருக்கும் இடத்தில். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் இந்த வாரம் சி ஷிஃப்ட், அதாவது இரவு வேலை. பகலில் முடித்த திரைகளைச் சோதித்துச் சொல்ல ஆள் இல்லை. ஒப்புதல் பத்தியில் மூன்று கார்டு நிரம்பிவிட்டது. அடுத்து சோதனைப் பத்தி, அதற்கு அடுத்து செய்யும் பத்தி. வரம்பு இல்லாத குழு இந்த நேரத்தில் புதிதாக நாலு வேலையைத் தொடங்கிவிடும். வரம்பை மதிக்கும் குழுவில் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரவு பத்து மணிக்கு ஸ்டோர்ஸுக்குப் போய் மூன்றையும் ஒப்புதல் வாங்கி வருவார். எரிச்சலான ஏற்பாடுதான், ஆனால் கணக்கு அதன் பக்கம். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி: கையில் 12 கார்டு, வாரத்துக்கு 4 முடிகிறது என்றால் ஒரு கார்டு சராசரியாக மூன்று வாரம் கிடக்கும். முடியும் வேகம் அப்படியே இருந்து கையிருப்பு 6 ஆனால் ஒன்றரை வாரம்.

“எப்ப கிடைக்கும்?” என்ற கேள்விக்கும் இங்கே மதிப்பீட்டுக் கூட்டம் தேவையில்லை. கடைசியாக முடிந்த 20 கார்டுகளை, முடிக்க எடுத்துக்கொண்ட நாள் கணக்கில் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள். 17-வது கார்டு 9 நாள் என்றால், “பெரும்பாலும் ஒன்பது நாளுக்குள்” என்று அக்கவுண்ட்ஸுக்குத் தைரியமாகச் சொல்லலாம். ஸ்க்ரம் குழுக்கள் வேலையின் அளவைக் குறிக்கப் போடும் ஸ்டோரி பாயிண்டில் இதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு: அப்ரைசலில் பாயிண்டைப் பார்க்கத் தொடங்கிய மாதமே மூன்று பாயிண்ட் வேலை ஐந்தாகிவிடும்.

கான்பான் கெட்டுப்போவது “அவசரம்” வரிசையில். முதலாளி போன் செய்தால் அவசரம், குவாலிட்டி மேனேஜர் முகம் சுளித்தால் அவசரம். அந்த வரிசைக்கு ஒரே ஒரு இடம். இரண்டாவது அவசரத்தைக் கொண்டுவருபவர் முதலாவதை எடுத்தவரிடம் தானே பேசி இடம் வாங்க வேண்டும். ஸ்க்ரம்மில் இந்த அடி முழுவதும் புராடக்ட் ஓனர் மேல் விழும். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு ஐடி மேனேஜரிடம்தான். ஸ்டோர்ஸுக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் நடுவில் அவர் மத்தளம். “இல்லை” என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லாவிட்டால் ஸ்க்ரம் தொடங்கவே வேண்டாம்.

அதிகாரம் இருந்து, ஆளும் ஐந்துக்குக் குறையாமல் இருந்தால், வாரம் ஒருவரைச் சுழற்சியில் பராமரிப்புக்கு ஒதுக்கி மீதி நான்கு பேரோடு ஸ்க்ரம் ஓட்டலாம். மூன்று பேர் குழுவில் இது முடியாது. மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முடிவெடுக்கும் முன் நான்கு வாரம் எண்ணிப் பாருங்கள்: வாரத் தொடக்கத்தில் தெரியாமல் நடுவில் வந்து சேர்ந்த வேலை மூன்றில் ஒன்றுக்கு மேல் என்றால் கான்பான்.

கிருஷ்ணகிரி பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு இரண்டில் ஒன்று என்ற கேள்வியே பொருந்தாது. பெங்களூரா காய் வண்டி வரிசை கட்டி நிற்கும் மே, ஜூன், ஜூலையில் எடைமேடை, டோக்கன், விவசாயி பில், மண்டி கணக்கு இவை தவிர எதுவும் நகராது. அந்த மூன்று மாதமும் கான்பான், பழுது மட்டும், புதிய வெளியீடு கிடையாது. ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை புதிதாகக் கட்டுவது ஸ்க்ரம்மில். ஏப்ரல் முதல் வாரத்தோடு மென்பொருளில் மாற்றங்களை நிறுத்திப் பூட்டி, போன சீசனின் ஒரு நாள் டோக்கன் பதிவை அப்படியே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். சீசன் முடிந்ததும் போர்டில் மிச்சமிருக்கும் கார்டுகளை அப்படியே ஸ்பிரிண்டுக்குள் கொட்டாதீர்கள். பாதியில் நிற்பதை முடியுங்கள், தொடங்காததை அழித்துவிடுங்கள். உண்மையில் வேண்டியதென்றால் கேட்டவரே மறுபடி கொண்டுவருவார்.