கொல்லைக் குளத்துக்கு மின்சாரம்: மண்ணுக்கடியில் தனி லைனா, 12 வோல்ட்டா, சோலாரா?

வீட்டுக்குப் பின்னால் மீன் குளம் வெட்டுகிறவர்கள் ஆழம், லைனர், மீன் வகை எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில்தான் கரண்டைப் பற்றி யோசிக்கிறார்கள். குழி தோண்டும்போதே அதையும் முடிவு செய்துவிட்டால் மண்ணை இரண்டாவது தடவை கிளற வேண்டியிருக்காது. என் குளத்துக்கு நான் போட்டது வீட்டு போர்டிலிருந்து மண்ணுக்கடியில் வரும் தனி லைன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துவிடுவதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மழையும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் அது ஆபத்து, அவ்வளவுதான்.

மற்ற மூன்றையும் பிரித்துக் காட்டுவது ஒரே கேள்வி: தண்ணீரை ஃபில்டர் வழியாகச் சுற்றவிடும் பம்ப் ராத்திரி ஓடுமா? பகலில் நீர்ச்செடிகளும் பாசியும் ஆக்சிஜன் வெளியிடும். இருட்டியதும் அவையும் மீன்களோடு சேர்ந்து அதே ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன்பு. ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜனோடு தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓட்டம் நின்றால் அவை சாக ஆரம்பிக்கும். மீன் அதிகமாக உள்ள குளத்தில் பம்ப் நிற்கவே கூடாத நேரம் நடுராத்திரிக்குப் பிறகுதான்.

பேட்டரி இல்லாத சோலார் பம்ப் சரியாக அந்த நேரத்தில்தான் நிற்கும். பேட்டரி சேர்க்கலாமே என்றால், அதை நான் சொந்தமாக ஓட்டிப் பார்த்ததில்லை. கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். 40 வாட் பம்ப் 14 மணி நேரம் ஓட 560 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கையில் இருப்பது சுமார் 600. ஒரு ராத்திரிக்குச் சரியாகப் போய்விடும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மேகமூட்டம் என்றால் அப்புறம் மிச்சமில்லை. மீன் இல்லாமல் செடி மட்டும் வளர்க்கிறீர்களா? சோலார் தாராளமாகப் போதும். மண் வெட்ட வேண்டாம், கரண்ட் பில்லும் இல்லை.

12 வோல்ட்டின் பெரிய பலம் பாதுகாப்பு. வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் தரமான ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஷாக் அபாயம் வெகுவாகக் குறையும். சிக்கல் தூரத்தில் இருக்கிறது. பம்ப், விளக்கு எல்லாம் சேர்ந்து 100 வாட் என்றால் 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 30 மீட்டர் தூரம் போனால் வழியிலேயே மூன்றரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். பம்ப் ஓடும், ஆனால் இழுவை இருக்காது. அதே கம்பியில் 230 வோல்ட் போனால் இழப்பு கால் வோல்ட்டைக்கூட எட்டாது. ட்ரான்ஸ்ஃபார்மரைக் குளத்தருகே கொண்டுபோய் வைக்கலாம்தான். அதற்கு மெயின் லைனை அங்கே புதைத்தாக வேண்டும். சுற்றி வந்து தனி லைனில்தான் நிற்கிறோம். வீட்டுச் சுவரை ஒட்டிய குளம் என்றால் மட்டும் என் ஓட்டு 12 வோல்ட்டுக்கு.

தனி லைன் என்று சொல்வதில் 'தனி' முக்கியம். போகிற கரண்டுக்கும் திரும்பி வருகிற கரண்டுக்கும் இடையே வித்தியாசம் வந்தால் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி குளத்துக்குக் கட்டாயம். அதை வீட்டின் மற்ற லைன்களோடு பங்கு போடாதீர்கள். ஹீட்டரில் எங்கோ கசிவு வந்து ராத்திரி அது ட்ரிப் ஆனால் பம்ப்பும் சேர்ந்து நிற்கும். குளத்துக்கென்று தனியாக ஒன்று இருந்தால் குளத்தில் பழுது வந்தால் மட்டுமே குளம் நிற்கும். அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

கேபிளின் ஆழம், கவசக் கேபிளா குழாயா, தண்ணீரிலிருந்து பிளக் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஊருக்கு ஊர் விதி உண்டு. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நீங்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஜங்ஷன் பாக்ஸ். பம்ப் வயர் மேலிருந்து நேராக உள்ளே நுழையக் கூடாது. பாக்ஸுக்குக் கீழே தொங்கி, வளைந்து, அடிப்பக்கமாக ஏற வேண்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பம்ப் வயரைத் தண்ணீருக்குள் வெட்டி ஒட்டவே வேண்டாம்.

கரண்ட் போனால் தனி லைனும் நிற்கும், அதை மறைக்க முடியாது. அதற்குப் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றைத் தயாராக வையுங்கள். சில வாட் போதும் என்பதால் ராத்திரி முழுக்கத் தாங்கும். பள்ளம் திறந்திருக்கும்போதே இன்னொரு வெறும் குழாயையும் கயிறு கோத்துப் புதைத்துவிடுங்கள். பின்னால் 12 வோல்ட் விளக்குகள் வேண்டும் என்று தோன்றினால் அந்த வயர் அதன் வழியே போகும்.