நிசேக்கோவா, யோங்பியோங்கா? பனி பார்க்கப் புறப்படும் சுங்கை சிப்புட்காரர்களுக்கு

தீபாவளி முடிந்த மறுவாரமே, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் டிசம்பர் விடுமுறைப் பேச்சு தொடங்கிவிடும். முன்பெல்லாம் கேமரன் மலை, பினாங்கு, மிஞ்சிப் போனால் இந்தியா. இப்போது பனி. செம்பனைத் தோட்டத்துக் கிராணி முதல் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர் வரை எல்லார் கைப்பேசியிலும் ஒரு வெள்ளை மலை இருக்கிறது. நான் ஜப்பானுக்கு ஒரு முறையும் கொரியாவுக்கு ஒரு முறையும் போய் விழுந்து எழுந்து வந்தவன் என்பதால், பனிச்சறுக்குக்கு ஜப்பானின் நிசேக்கோவா, கொரியாவின் யோங்பியோங்கா, எது நல்லது என்ற கேள்வி என்னிடம் வந்து நிற்கிறது.

என் தாய்மாமா பால்மரக் காலத்தில், ரப்பர்த் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்தவர். ஒரு சாயங்காலம் அவரிடம் நிசேக்கோவின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன்: ஒரு பருவத்துக்கு 14, 15 மீட்டர் பனி கொட்டும், நம் லயத்து வீடு போல மூன்று வீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் மூடிவிடும் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது கிடக்கட்டும் மருமகனே, நீ போன அன்றைக்கு எத்தனை நிரை திறந்திருந்தது?” என்றார். நிரை என்றால் பால் வெட்டும் மர வரிசை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தவருக்கு, மரம் எத்தனை இருக்கிறது என்பது கணக்கே இல்லை. மழை விட்டு இன்றைக்குப் பால் வெட்டலாமா, முடியாதா என்பதுதான் கணக்கு.

சறுக்குத் தளங்கள் தினமும் வெளியிடும் பனி அறிக்கையில் மூன்று எண்கள் கண்ணில் படும். நேற்று விழுந்த பனி, தரையில் கிடக்கும் பனியின் ஆழம், மொத்தப் பாதைகளில் இன்று திறந்திருப்பவை. விளம்பரம் முதல் இரண்டைக் காட்டும். ஒரு வார விடுப்பை எடுத்துக்கொண்டு போகிறவர் பார்க்க வேண்டியது மூன்றாவதை.

முதலில் நிசேக்கோ. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹொக்காய்டோவின் மேற்கு மலைகளில் முட்டியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. கிளந்தானில் வெள்ளத்தைக் கொண்டுவரும் நம் வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் பிறந்த வீடு அந்தச் சைபீரியப் பக்கம்தான். அங்கே பஞ்சாக இறங்குவது நமக்கு மழையாக இறங்குகிறது. பஞ்சு என்றது வெறும் உவமைக்காக இல்லை. கையில் அள்ளினால் இலவம் பஞ்சுபோல் எடையே தெரியாது, ஊதினால் பறக்கிறது, உருண்டையாகப் பிடித்தால் பிடிபடாமல் உதிர்கிறது. புதிதாக விழுந்த அந்தப் பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகூட இருக்காது. விழுந்தால் வலிக்காது. எழுவதுதான் பெரும்பாடு. பனி கொட்டிய ஒரு நாள் பாதையின் ஓரத்தில் நான் இடுப்புவரை புதைந்து, கையூன்றினால் தோள்வரை உள்ளே போக, கழன்றுபோன ஒரு சறுக்குப் பலகையைத் தேடியே இருபது நிமிடம் கழிந்தது. பஞ்சில் தரை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை.

இவ்வளவும் பனி கொட்டிய பிறகு நடக்கும் கதை. நான் போனது டிசம்பர் இரண்டாம் வாரம். பயண முகவர் காட்டிய படமோ பிப்ரவரியில் எடுத்தது. அங்கே இறங்கிய பிறகுதான் அது விளங்கியது. கீழ்ச்சரிவுகளில் சாசா என்னும் குட்டை மூங்கில், நம் லாலான் புல்லைப்போல் பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது. புதர் முழுக்கப் புதையும்வரை பல பாதைகளுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் நல்ல பனி கொட்டியது. ஆனால் அதைக் கொண்டுவந்த அதே காற்று உச்சிக்குப் போகும் லிப்டுகளை நிறுத்திவிட்டது. பனி இல்லாத நாளிலும் கயிறு, பனி கொட்டிய நாளிலும் கயிறு. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

கொரியாவின் யோங்பியோங் வேறு வகை. 1975இல் திறந்த இடம், 28 பாதைகள். அங்கும் அதே சைபீரியக் குளிர்தான் வீசுகிறது, ஆனால் கடல் குறுக்கிடாமல் காய்ந்தபடியே வருகிறது. மேகம் தருவதை மட்டும் நம்பினால் கதை நடக்காது. அதனால் இரவெல்லாம் பனிப் பீரங்கிகள் இரைகின்றன. நுண்துளி நீரையும் அழுத்திய காற்றையும் சேர்த்துப் பீய்ச்சினால், துளி தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிடும். குளிர் மட்டும் இதற்குப் போதாது, காற்று உலர்ந்திருக்க வேண்டும். நமக்குப் புழுக்கத்தில் வேர்வை காயாமல் நிற்பதும் இதே கணக்குதான். ஈரம் நிறைந்த காற்றில் துளி ஆவியாகிக் குளிர முடியாது. காற்று நன்றாகக் காய்ந்திருந்தால் வெப்பமானி பூஜ்யத்தில் நிற்கும்போதே பனி செய்யலாம். ஈரமாக இருந்தால் மைனஸ் ஒன்றிலும் பீரங்கியிலிருந்து தண்ணீர்தான் வரும். ஆக, மேகத்தை விரட்டும் வறட்சியே பீரங்கிக்குத் தோதாகிவிடுகிறது.

அழகு கொஞ்சம் குறைவுதான். நான் போனபோது சுற்றிலும் காய்ந்த பழுப்பு மலை, நடுவே வேட்டி காயப் போட்டதுபோல் சில வெள்ளைப் பட்டைகள். பனி உள்ளங்கையில் சவ்வரிசியாக உருள்கிறது. ஒரு கன மீட்டர் 400 கிலோவுக்கு மேல் கனக்கும். காலையில் இயந்திரம் சீவிவிட்ட வரி வரியான பாதையில், முதல் தடவை சறுக்குகிறவருக்குப் பலகை புதைவதில்லை, திரும்பச் சொன்னால் திரும்புகிறது. சாயங்காலம் அதுவே இறுகிப்போகும். அப்போது விழுந்தால் தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிளோடு விழுந்த வலி. ஆனாலும் அறிக்கையில் திறந்ததாகச் சொன்ன அத்தனை பாதையும் திறந்திருந்தது, பின்னிரவில் பீரங்கி ஓடிய அடுத்த நாள் ஒன்று கூடியும் இருந்தது. 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் நம் நாட்டின் ஜெப்ரி வெப் சறுக்கியது இந்த மலையில்தான். அந்தப் போட்டிகளின் பனியில் சுமார் 90 விழுக்காடு இயந்திரம் செய்தது.

செயற்கைப் பனி என்றால் பிளாஸ்டிக் என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அது தண்ணீர்தான். 1950இல் அமெரிக்காவின் கனெடிகட்டில், பனி இல்லாமல் சறுக்குப் பலகை விற்காமல் போன மூன்று பேர், பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரசரையும் தோட்டத்துக் குழாயையும் வைத்துச் செய்து பார்த்த வித்தை. சில இடங்களில் துளி சீக்கிரம் உறைய ஒரு பாக்டீரியாவின் புரதத்தைக் கலப்பார்கள். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்று பெயர், பயிர்க்காரர்களுக்கு அது நோய்க்கிருமி. குறை சொல்வதென்றால் தண்ணீரைச் சொல்ல வேண்டும்: ஒரு ஹெக்டரை 30 சென்டிமீட்டர் மூட ஒரு மில்லியன் லிட்டருக்கு மேல் தேவை, ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஏறக்குறைய பாதி. வறண்ட மலையில் அந்தத் தண்ணீர் யார் பங்கிலிருந்து வருகிறது என்ற கேள்வி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நம் நாட்டுக் கெந்திங் மலையின் பனி அரங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் தொட்டுப் பார்த்து, சறுக்குமரம்போல் வழுக்கி இறங்கி, ஒரு மணி நேரத்தில் மூக்கு சிவந்து வெளியே வந்துவிடுவார்கள். பலகை கட்டிச் சறுக்க இடமில்லை. கெந்திங் என்ற பெயரில் நிஜமான சறுக்கு மலை பார்க்க வேண்டுமென்றால் சீனாவுக்குப் போக வேண்டும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு போட்டிகள் நடந்த கெந்திங் ஸ்னோ பார்க் அங்கேதான் இருக்கிறது. அதுவும் பீரங்கிப் பனியே.

என்னைக் கேட்டால் தேதியைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்பு என்றால் யோங்பியோங், இரண்டாம் யோசனை வேண்டாம். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முழுக்க நிசேக்கோவுக்கு ஈடில்லை, காற்று ஒரு நாளைத் தின்றாலும் மிச்ச நாள்கள் ஈடுகட்டும். சிக்கல் என்னவென்றால் அந்த வாரங்களில்தான் தைப்பூசம் வரும். காவடிக்கு நேர்ந்த வீட்டில் ஜப்பான் பேச்சையே எடுக்க முடியாது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் போகலாம், அறை வாடகையைப் பார்த்தால் உடல் அங்கு போகாமலே நடுங்கும்.

இந்த வருடம் தங்கை குடும்பம் டிசம்பர் இரண்டாம் வாரம் புறப்படுகிறது. பிள்ளைகளுக்கு முதல் தடவை, ஆகவே கொரியாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். மாமாவையும் கூப்பிட்டார்கள், முட்டி வலி என்று மறுத்துவிட்டார். எத்தனை பாதை திறந்திருக்கிறது என்று மட்டும் தினமும் செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார், காலை ஆறு மணிக்குள், பெரட்டு நேரத்துக்கு.