ஆர்.சி.எஸ். குறுஞ்செய்தி: நியூஜெர்சியில் ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மாலை, என் மனைவியின் ஐபோனில் எனக்குச் செய்தி எழுதும் பெட்டிக்குள், 'டெக்ஸ்ட் மெசேஜ்' என்று சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும் சொற்களுக்குப் பக்கத்தில் 'ஆர்சிஎஸ்' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் புதிதாக முளைத்திருந்தன. ஆர்.சி.எஸ். என்பது எஸ்.எம்.எஸ்-க்கு மாற்றாக, இணைய இணைப்பு வழியாகச் செல்லும் குறுஞ்செய்தி முறை. அந்த மூன்று எழுத்துகளுக்காக எங்கள் வீடு ஏறத்தாழ ஏழு மாதம் காத்திருந்தது. நானோ ஆண்ட்ராய்டில் 2019 டிசம்பரிலிருந்தே ஆர்.சி.எஸ். பயன்படுத்தி வருகிறேன். இரண்டு வகைக் கைப்பேசிகளிலும் அதைப் பார்த்துவிட்டவன் என்ற முறையில், இந்த வசதி எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது, கைப்பேசிச் சேவை நிறுவனத்தின் பங்கு அதில் எவ்வளவு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வியை ஊரிலிருந்து பேசும் எல்லோரும் கேட்கிறார்கள். நியூஜெர்சியின் எடிசன் நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப்பில்தான் பேசிக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் மகளின் வகுப்புத் தோழர்களுடைய பெற்றோர், வயலின் ஆசிரியை, குழாய் பழுதுபார்க்க வருபவர், பக்கத்து வீட்டு முதியவர் ஆகியோரிடம் நமக்கு இருப்பது தொலைபேசி எண் மட்டுமே. கைப்பேசியோடு வரும் செய்திச் செயலியைத் தவிர வேறொன்றை நிறுவச் சொல்லி இவர்களிடம் கேட்க முடியாது. அமெரிக்காவில் அன்றாட வாழ்க்கையின் பெரும்பகுதி இந்தச் சாதாரணக் குறுஞ்செய்தியில்தான் நடக்கிறது என்பதால், அதன் தரம் எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இது கூடுதலாகவே வலிக்கும். எஸ்.எம்.எஸ். ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கிலத்தில் எழுதினால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் எழுதினால் 70 இடங்கள்தான். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு இல்லை. 'நீங்கள்' என்பது நமக்கு நாலெழுத்துச் சொல், ஆனால் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனி இடம் கேட்பதால் அது 7 இடங்களை எடுத்துக்கொள்கிறது. நியூயார்க்கில் வேலை முடிந்து ரயிலில் திரும்பும் என் மனைவி ஒருநாள் இப்படி எழுதியிருந்தார்: "இன்று ரயில் தாமதம், நீங்கள் போய்ப் பாப்பாவை அழைத்து வந்துவிடுங்கள், நான் ஏழரைக்கு வருவேன்." எண்ணிப் பார்த்தால் இதில் 90 இடங்கள். நீளமான செய்தியைத் துண்டாக்கும்போது, துண்டுகளை மீண்டும் சேர்ப்பதற்கான குறிப்புக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், ஒரு துண்டுக்கு 67 இடங்களே மிஞ்சுகின்றன. ஆக அந்த ஒரு வரி 'வந்துவிடுங்கள்' என்ற சொல்லோடு உடைந்து இரண்டு குறுஞ்செய்திகளாகப் புறப்பட்டது. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் செல்லும் சுரங்கப் பாதையில் சிக்னல் போய்ப் போய் வரும். இரண்டாம் துண்டு அங்கே சிக்கிக்கொண்டால் முதல் துண்டு வந்து சேர்ந்திருந்தாலும் என் கைப்பேசி அதைக் காட்டாமல் மற்றதற்காகக் காத்திருக்கும். அன்று மகள் வயலின் வகுப்பு வாசலில் நாற்பது நிமிடம் நின்றாள். செய்தி போய்ச் சேரவில்லை என்பதை என் மனைவியின் கைப்பேசி அவருக்குச் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம்.

2019-இல் இதைவிடப் பெரிய அளவில் ஒன்று நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று அனுப்பப்பட்டு எங்கோ ஒரு சர்வரில் தேங்கிக் கிடந்த சுமார் 1,68,000 குறுஞ்செய்திகள், நவம்பர் 7 அதிகாலையில் அமெரிக்கா முழுவதும் திடீரென்று போய்ச் சேர்ந்தன. இடைப்பட்ட மாதங்களில் இறந்துபோனவரிடமிருந்து செய்தி வந்ததைக் கண்டு கலங்கியவர்களும் இருந்தார்கள். 1992 டிசம்பர் 3 அன்று முதல் குறுஞ்செய்தி போன நாளிலிருந்து அதன் அடிப்படை பெரிதாக மாறவே இல்லை.

மாற்ற முயலவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆர்.சி.எஸ். பற்றிய பணி 2007-லேயே தொடங்கியது. அடுத்த ஆண்டே, உலகக் கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறு வேறு வடிவத்தில் வந்ததால், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொன்றின் வாடிக்கையாளரோடு பேச முடியாத நிலைதான் நீடித்தது. எல்லோருக்கும் பொதுவான விதிமுறையாக 'யுனிவர்சல் புரொஃபைல்' 2016 நவம்பரில்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஆர்.சி.எஸ். தொழில்நுட்பத்தில் ஈடுபட்டிருந்த ஜைப் என்ற நிறுவனத்தைக் கூகுள் வாங்கியிருந்தது. சேவை நிறுவனங்கள் அசையும்வரை காத்திருந்து அலுத்த கூகுள், 2019-இல் பிரிட்டனிலும் பிரான்சிலும், ஆண்டு இறுதியில் அமெரிக்காவிலும், தன் சொந்த சர்வர் வழியாகவே வசதியை நேரடியாகத் திறந்துவிட்டது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் அதே ஆண்டு அக்டோபரில் கூட்டாக ஒரு செயலி கொண்டுவரப் போவதாக அறிவித்து, 2021 ஏப்ரலில் அத்திட்டத்தைக் கைவிட்டன. டி-மொபைல், ஏடி&டி, வெரைசன் மூன்றும் அந்த ஆண்டிலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கூகுளின் செய்திச் செயலியான கூகுள் மெசேஜஸ் பக்கம் வந்து சேர்ந்தன.

இந்த வரலாற்றில் பயனர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைப்பேசி ஆர்.சி.எஸ்-இல் இணைய வேண்டுமானால், இந்த எண் இந்த சிம்முக்கு உரியதுதான் என்று சரிபார்த்து, எந்த சர்வரோடு பேச வேண்டும் என்ற அமைப்பு விவரங்களை யாராவது அதற்குத் தர வேண்டும். சேவை நிறுவனம் அதைத் தராவிட்டால், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கூகுளே தந்துவிடுகிறது. ஐபோனில் அப்படி மாற்று வழி எதுவும் இல்லை. சேவை நிறுவனம் ஒப்புக்கொண்டு, அதற்கான அமைப்புக் கோப்பு ஆப்பிள் வழியாகக் கைப்பேசிக்கு வந்தால்தான் வசதி திறக்கும். இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொண்டது ஏழு மாதம் அலைந்த பிறகுதான்.

ஆண்ட்ராய்டில் என் அனுபவம் மொத்தத்தில் நல்லது. அனுப்பியதற்கு ஒரு குறி, சேர்ந்ததற்கு இரண்டு, படித்ததற்கு நிறம் நிரம்பிய இரண்டு என்பது சிறிய வசதிதான். ஆனால் வயலின் வகுப்பு நாளுக்குப் பிறகு அந்த இரண்டாம் குறியின் மதிப்பை நான் அறிவேன். வீட்டின் தரைத்தளத்துக்குக் கீழே டவர் சிக்னல் வராத அறையில் அமர்ந்துதான் நான் வேலை பார்க்கிறேன். அங்கே வைஃபை மூலமாகவே செய்திகள் வந்துவிடுகின்றன. தமிழில் எத்தனை வரி எழுதினாலும் உடைவதில்லை. தொல்லை வந்ததெல்லாம் சிம் மாற்றும்போதுதான். 2022-இல் சாதாரண சிம்மிலிருந்து இ-சிம்முக்கு மாறியபோது, அமைப்புகளில் ஆர்.சி.எஸ். நிலை என்ற இடத்தில் 'சரிபார்க்கிறது' என்ற வாசகம் நான்கு நாள் அசையாமல் நின்றது. செயலியை அழித்து நிறுவினேன், எண்ணை நாட்டுக் குறியீட்டோடு மீண்டும் கொடுத்தேன், எதற்கும் அசையாமல் இருந்து ஐந்தாம் நாள் தானாகச் சரியானது. வாடிக்கையாளர் மையத்தில் பேசியவருக்கு ஆர்.சி.எஸ். என்ற சொல்லே புதிது.

அதைவிட மோசமானது 2023 கோடையில் நடந்தது. மகள் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினாள். அவள் எண் ஆர்.சி.எஸ்-இல் பதிவாகியே இருந்ததால், ஆண்ட்ராய்டு வைத்திருந்த தோழிகள் அனுப்பியவையெல்லாம் அணைத்து வைத்த பழைய கைப்பேசியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. தோழிகள் பேசாமல் இருக்கிறார்கள் என்று அவளும், அவள் பதில் சொல்வதில்லை என்று அவர்களும் ஒரு வாரம் மனத்தாங்கலோடு இருந்தார்கள். பதிவை நீக்குவதற்கென்றே கூகுள் ஒரு வலைப்பக்கம் வைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்து, வரும் குறியீட்டை உள்ளிட்டால் போதும். கைப்பேசி மாற்றுவோர், பழையதை அணைக்கும் முன்பே அதன் செய்திச் செயலியில் ஆர்.சி.எஸ்-ஐ நிறுத்திவிட்டால் இந்த வலைப்பக்கத்துக்கே போக வேண்டியிராது.

இனி ஐபோன் கதை. தன் தாய்க்கு நல்ல தரத்தில் வீடியோ அனுப்ப முடியவில்லை என்று 2022 செப்டம்பரில் ஒரு மேடையில் ஒருவர் முறையிட்டபோது, தாய்க்கு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்பதே அன்று ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக்கின் பதிலாக இருந்தது. அந்தப் பதில் என்னை வருத்தியது. மனைவிக்கும் எனக்கும் இடையில் அதே சிக்கல்தான் இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆப்பிள் மனம் மாறி ஆர்.சி.எஸ். ஆதரவை அறிவித்தது. 2024 செப்டம்பர் 16 அன்று, அந்த வசதியைக் கொண்ட ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 18 வந்தது. அன்றிரவே மனைவியின் கைப்பேசியை அப்டேட் செய்து, அமைப்புகளில் 'மெசேஜஸ்' பகுதியைத் திறந்தோம். ஆர்.சி.எஸ். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை.

எங்கள் குடும்பத்தின் கைப்பேசிச் சேவைத் திட்டம், சொந்த டவர் எதுவும் இல்லாமல், பெரிய நிறுவனம் ஒன்றின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்து நடத்தும் ஒரு சிறிய நிறுவனத்திடம் இருந்தது. மாதக் கட்டணம் ஏறத்தாழ பாதி என்பதால் அங்கே போயிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பெரிய நிறுவனத்தின் நேரடி வாடிக்கையாளர். அவருடைய ஐபோனும் மனைவியுடையதும் ஒரே டவரைப் பிடிக்கின்றன. அவரிடம் பொத்தான் முதல் நாளே வந்துவிட்டது. வாடிக்கையாளர் மையத்தை மூன்று முறை அழைத்தேன். முதலில் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அடுத்து வலையமைப்பு அமைப்புகளை அழித்து மீட்டமைக்கச் சொன்னார்கள், அதனால் வீட்டு வைஃபை கடவுச்சொற்களெல்லாம் போயின. மூன்றாம் முறை, அது ஆப்பிளின் வசதி, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். மூன்றுமே தவறு. எந்த நிறுவனம் எந்த வசதியைத் தருகிறது என்று ஆப்பிள் நாடுவாரியாக வெளியிடும் பட்டியலில், எங்கள் நிறுவனத்தின் பெயருக்கு எதிரே ஆர்.சி.எஸ். இல்லை. "இன்னும் வரலைன்னு நேராச் சொல்லியிருந்தா நான் கேட்டுக்கிட்டிருப்பேனே, எதுக்குங்க இத்தனை சுத்தல்?" என்றார் மனைவி. எனக்கும் அந்த வருத்தம்தான். ஐஓஎஸ் 18.4 பதிப்போடுதான் எங்களுக்குப் பொத்தான் வந்தது.

உங்கள் ஐபோனில் நிலை என்ன என்று அறிய வாடிக்கையாளர் மையத்தை அழைக்கத் தேவையில்லை. அமைப்புகளில் 'ஜெனரல்', அதற்குள் 'அபவுட்' சென்று, சேவை நிறுவனத்தின் பெயர் இருக்கும் வரிக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளைத் தொட்டால் 'ஐஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று மாறும். அதில் வாய்ஸ், எஸ்.எம்.எஸ். ஆகியவற்றோடு ஆர்.சி.எஸ். என்பதும் சேர்ந்து இருந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது.

வந்த பிறகு கண்ட முதல் மாற்றம் வீடியோவில். மகளின் பள்ளி இசை நிகழ்ச்சியை மனைவி எடுத்து அனுப்புவார். முன்பு, படமும் வீடியோவும் அனுப்பும் பழைய முறையான எம்.எம்.எஸ். அதை ஒன்றிரண்டு எம்பிக்குள் நசுக்கிவிடும். மேடையில் இருப்பது எங்கள் மகள் என்று உடையின் நிறத்தைக் கொண்டுதான் சொல்ல முடியும். 2025 மே மாதம் வந்த வீடியோவில் வில் பிடித்த விரல்கள் தெரிந்தன. படத்துக்கு அவர் இதயக் குறி போட்டால், அது படத்தின் மேலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. குழுச் செய்திகளில்தான் முழு நிறைவு இல்லை. பெற்றோர் குழுவில் ஒன்பது பேர். அதில் ஒருவரின் கைப்பேசிக்கு ஆர்.சி.எஸ். இல்லாவிட்டாலும் குழு முழுவதும் எம்.எம்.எஸ்-க்கு இறங்கிவிடுகிறது. ஒருவருடைய சேவை நிறுவனத்தின் அலட்சியத்துக்கு மற்ற எட்டுப் பேரும் விலை கொடுக்கிறோம்.

விளம்பரத் தொல்லையையும் சொல்ல வேண்டும். 2022-இல் திருச்சி சென்றிருந்தபோது அப்பாவின் கைப்பேசியில் படம், பொத்தானோடு கடன் விளம்பரங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. "நான் யார்கிட்டயும் கடன் கேக்கலையேப்பா, இவங்களுக்கு என் நம்பர் எப்படிப் போச்சு?" என்று கேட்டார். இந்தியாவில் புகார்கள் பெருகியதால் அந்த ஜூன் மாதத்தில் வணிக விளம்பரச் செய்திகளைக் கூகுள் நிறுத்திவைத்தது. அப்பா அதற்குள் ஆர்.சி.எஸ்-ஐயே அணைத்துவிட்டார், இன்றுவரை திறக்கவில்லை. இங்கே வேறு வகை: சுங்கச் சாவடிக் கட்டணம் பாக்கி என்று மிரட்டும் போலிச் செய்திகள். 2024 ஏப்ரலில் எஃப்.பி.ஐ. இவற்றைப் பற்றி எச்சரித்தது. அந்தச் செய்திகள் எஸ்.எம்.எஸ். வழியாக வந்தால் சேவை நிறுவனத்தின் வடிகட்டியில் சில மாட்டும். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்ட வழியில் வந்தால் நிறுவனத்தால் உள்ளே பார்க்க முடியாது. சுங்கக் கட்டணம் செலுத்தும் முறையான ஈ-இசட்பாஸின் பெயரில் எனக்கு வந்தவற்றை ஒவ்வொன்றாகப் புகார் பொத்தானை அழுத்தியே தடுக்கிறேன்.

மறையாக்கத்தில்தான் இதைவிடப் பெரிய குறை இருந்தது. கூகுள் மெசேஜஸ் செயலியில் இருவர் பேசும் உரையாடலுக்கு 2021 ஜூனிலிருந்தே அது உண்டு. அனுப்பும் பொத்தானில் சிறிய பூட்டு தெரியும். ஐபோனுக்கு எழுதும்போது அந்தப் பூட்டு இருக்கவில்லை. 2025 மார்ச்சில் ஜிஎஸ்எம்ஏ இதற்கான பொது விதிமுறையை வெளியிட்டது. ஆப்பிளும் வரும் பதிப்புகளில் சேர்ப்பதாகச் சொன்னது. 2025-இல் நான் இதை எழுதிய வரையில் எங்கள் இரண்டு கைப்பேசிகளுக்கிடையே பூட்டு தெரியவில்லை. ஆகவே ரயில் தாமதம், மளிகைப் பட்டியல், மகளின் வீடியோ ஆகியவை ஆர்.சி.எஸ்-இல் போகின்றன, வங்கி விவரமோ மருத்துவ அறிக்கையோ என்றால் மனைவியும் நானும் வாட்ஸ்அப்பைத் திறக்கிறோம்.