கிளிப் போட்டேன், பல் நேரானது. தாடை வலி என்ன ஆனது?

2019 பொங்கலுக்கு மேலூர்ப் பக்கம் அம்மா வீட்டில் கரும்பு கடித்தபோது ஆரம்பித்தது. கணுவை ஒட்டி ஒரு கடி. இடது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த தம்பிக்கே கேட்டது. அதற்கு முன்பும் கொட்டாவி விட்டால் லேசாகச் சொடுக்கும். அன்றைக்கு வாய் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. அம்மா மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டார். மிளகாய் நெடியில் தும்மலும் வந்து, உயிர் போய்விட்டது.

நான் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வேலையே வாயை வைத்துத்தான். நாலாவது பீரியடுக்குள் காது குத்த ஆரம்பித்துவிடும், காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கும். காதில்தான் கோளாறு என்று நினைத்து இ.என்.டி. டாக்டரிடம் போனேன். காது சுத்தமாக இருக்கிறது, பல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார். தாடை மூட்டுத் தொந்தரவு காதுவலியாகத் தெரியும் என்று 1934லேயே விரிவாக எழுதியவர் காஸ்டன் என்ற அமெரிக்க இ.என்.டி. டாக்டர்தானாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் போன பல் கிளினிக்கில் பத்து நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். "மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேருற கடி சரியில்லை, ரெண்டு வருஷம் கிளிப் போட்டா வலி தானா போயிடும்." அன்றைக்கே அட்வான்ஸ் கேட்டார்கள். கையில் பணம் இல்லாததால் தப்பித்தேன்.

கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொல்லி, மதுரை அண்ணா நகரில் இன்னொரு பல் டாக்டரைப் பார்த்தேன். அவர் என் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். அப்புறம் கன்னத்துச் சதையை அழுத்தினார். கத்திவிட்டேன். "மூட்டை விடச் சதைதான் அதிகமா வலிக்குது பாருங்க" என்றார். ராத்திரி பல்லைக் கடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "அரிசி மில்லு ஓடுற மாதிரி இருக்கும் டாக்டர்" என்றார். பத்து வருஷமாக என்னிடம் சொன்னதே இல்லை.

வாய் திறக்கும்போது தாடை மூட்டு முதலில் சுழலும், வாய் பெரிதாகத் திறக்கும்போது முன்னால் வழுக்கிப் போகும். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு உண்டு. அது முன்னால் நழுவிவிட்டால், தாடை எலும்பு அதன் மேல் தாவி ஏறும்போது வருவதுதான் அந்த ‘டக்’. வலி இல்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம் என்றார். எனக்குக் கிளிப் இல்லை, முதலில் ஸ்ப்ளிண்ட் என்றார்.

ஸ்ப்ளிண்ட் என்பது ராத்திரி மேல் பல்லில் மாட்டிக்கொள்ளும் கெட்டியான அக்ரிலிக் தகடு. எனக்கு 5,500 ரூபாய் ஆனது. முதல் வாரம் தலையணை முழுக்க எச்சில். இரண்டாம் மாதம் எங்கள் அத்தை, சுத்தமாக இருக்கட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார், கோணிக்கொண்டது. திரும்ப 5,500.

ஆனால் உண்மையில் வேலை செய்தது காசில்லாத வைத்தியம். உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக் கூடாது. சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இது எனக்கு 36 வயது வரை தெரியாது! ஞாபகத்துக்காக ஸ்டிக்கர் பொட்டை மிக்ஸி மேல், ஸ்கூட்டி மீட்டர் மேல், விடைத்தாள் திருத்தும் மேஜை ஓரத்தில் ஒட்டினேன். கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரிப்பேன். திருத்தும்போதுதான் அதிகம் கடிக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. கூடவே ஈரத்துணி ஒத்தடம், டாக்டர் சொல்லித்தந்த பயிற்சி. மதுரையில் இருந்துகொண்டு புரோட்டாவை ஐந்து மாதம் தொடவில்லை. பருத்திப்பாலும் இட்லியும்தான் கைகொடுத்தன. அந்த ஐந்து மாதத்தில் பத்துக்கு எட்டாக இருந்த வலி இரண்டுக்கு இறங்கியது. வாய் மூன்று விரலுக்குத் திறந்தது.

பிறகு ஏன் கிளிப் போட்டாய் என்று கேட்பீர்கள். கீழ் முன்பற்கள் நெரிசலாக ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தன, ஈறு அடிக்கடி வீங்கும். "இது பல்லுக்காக. வலிக்கு நான் கேரண்டி தர மாட்டேன்" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். 2019 நவம்பரில் போட்டேன், தவணையில் 48,000 ரூபாய்.

போட்ட நாலாம் மாதம் ஊரடங்கு. பின்பக்கக் கம்பி நழுவிக் கன்னத்தில் குத்தியது, கிளினிக் மூடியிருந்தது, கம்பி குத்தாமல் இருக்க அதன் மேல் அப்பும் மெழுகும் தீர்ந்தது. டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, நகவெட்டியைக் கொதிக்க வைத்து, என் வீட்டுக்காரர் செல்போன் வெளிச்சத்தில் அந்தக் கம்பி நுனியை வெட்டினார். பல் நகர்ந்துகொண்டிருந்ததால் பழைய ஸ்ப்ளிண்டும் பொருந்தவில்லை. அந்த வருஷம் வலி பழையபடி ஐந்து, ஆறு வரை ஏறியது. பல்லை இழுக்கக் கிளிப்பில் ரப்பர் மாட்டிய வாரங்கள் படுமோசம். ஆன்லைன் வகுப்பு எரிச்சலில் பல்லைக் கடித்தேனா, ரப்பர்தான் காரணமா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2022 பிப்ரவரியில் கழற்றினார்கள். பல் வரிசை அழகாகத்தான் இருக்கிறது, ஈறு வீக்கம் நின்றது. அதில் குறை சொல்ல மாட்டேன். வலி குறைந்தது புது ஸ்ப்ளிண்டை மாட்டி, பொட்டை மறுபடி ஒட்டிய பிறகுதான். சொடுக்கு இன்றும் உண்டு, வலி இல்லாமல்.

1987ல் அமெரிக்காவின் மிச்சிகனில், கிளிப் போட்டதால்தான் தாடை மூட்டு கெட்டது என்று ஒரு பெண் வழக்குப் போட்டு ஜெயித்தார். அதற்கப்புறம்தான் இதில் ஆராய்ச்சிகள் பெருகின. கிளிப்பால் இந்த வலி வருகிறது என்றும் நிரூபணமாகவில்லை, போகிறது என்றும் நிரூபணமாகவில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண வைத்தியத்திலேயே குறைந்துவிடும். பல்லை நகர்த்துவது, ராவிக் குறைப்பது மாதிரி திரும்பப் பெற முடியாத வேலைகளை வலிக்காக மட்டும் செய்துகொள்ள வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

அதனால் யாராவது "டீச்சர், தாடை வலிக்குது, கிளிப் போடவா?" என்று கேட்டால், வீட்டில் ராத்திரி பல் கடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன். பல் நேராக வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள், கழற்றிய பிறகு, பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னரை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் ஒரு மாசம் சோம்பல்பட்டேன். கீழே ஒரு பல் லேசாகத் திரும்பியே நிற்கிறது.

கரும்பு இப்போதும் உண்டு. தம்பி தோலைச் சீவி, சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் தருகிறான்.