வண்டி எந்தப் பட்டறை வாசலில் இறங்குகிறது? ராமநாதபுரம் கடற்கரைச் சாலையில் மீட்பு வண்டிகள்: ஓர் ஒப்பீடு

ஒரே கார் என்னை இந்தக் கடற்கரையில் இரண்டு முறை நடுவழியில் நிறுத்தியிருக்கிறது. முதல் முறை உச்சிப்புளியை ஒட்டி, இரண்டாம் முறை திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில். முதல் முறை நானாகப் போய் மாட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சலிப்பைத் தவிர வேறு நஷ்டமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் பிடிபட்டது ஒன்று: பழுதான வண்டியை இழுத்துப்போக மீட்பு வண்டிக்காரன் எவ்வளவு கேட்கிறான் என்பதையே எல்லோரும் கவனிக்கிறோம், வண்டியைக் கொண்டுபோய் எங்கே இறக்குகிறான் என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம். பணம் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான்.

உச்சிப்புளிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடி அமாவாசைக்கு மறுநாள். ராமேஸ்வரத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு அம்மாவுடன் திரும்பிக்கொண்டிருந்தேன். வெப்பமானி முள் மேலே ஏறியது, முன்பக்கம் ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால் ரேடியேட்டர் குழாய் வாய்ப்பக்கம் கிழிந்திருக்கிறது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு ஒரு ரெக்கவரி வண்டி வந்து முன்னால் நின்றது. நான் யாரையும் கூப்பிடவில்லை.

"அண்ணே, இங்கே நிற்கக் கூடாது. போலீஸ் வந்தால் வண்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள். வயதான அம்மா வேறு இருக்கிறார்கள். முதலில் ஏற்றிவிடுவோம், கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்றான். ராமநாதபுரம் வரைக்கும் 1,500 ரூபாய் என்று வாயால் சொன்னான். எந்தப் பட்டறை என்று கேட்டதற்கு, "நம்ம ஆள்தான் அண்ணே" என்ற பதில்தான் வந்தது. அந்த நேரத்தில் அது ஆறுதலாகக் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் போனபோது என்ஜின் பிரிந்து கிடந்தது. போல்ட்டுகளெல்லாம் டீசல் ஊற்றிய ஒரு கொட்டாங்கச்சியில் ஊறிக்கொண்டிருந்தன. ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போய்விட்டது என்றார்கள். திறக்கச் சொன்னது யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இழுத்து வந்ததற்கு 6,800 ரூபாய் என்று ஒரு சீட்டு: இரவுக் கட்டணம், திரும்பிப் போகும் தூரம், காத்திருப்பு, கம்பிவடத்தில் கட்டி இழுக்கும் வின்ச். வின்ச் எதற்கு? சாலையோரத்தில் நான்கு சக்கரமும் தரையில் நின்ற வண்டிக்கு! சீட்டில் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை.

கூப்பிடாமல் வந்தவன் காட்டும் முதல் பயமே போலீஸ் என்பதால் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு, பொது இடத்தில் கைவிடப்பட்ட, ஆளில்லாமல் விடப்பட்ட, போக்குவரத்துக்கு ஆபத்தாக நிற்கும் வண்டிகளை அகற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அனுமதி தர வேண்டியவர் சீருடையில் இருக்கும், அந்த எல்லைக்குரிய போலீஸ் அதிகாரி. செலவு உரிமையாளர் தலையில்தான் விழும், அது உண்மை. ஆனால் தனியார் வண்டிக்காரனுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவசர விளக்கைப் போட்டு, 50 மீட்டர் பின்னால் முக்கோணப் பலகையை வைத்து, ஓட்டுநர் பக்கத்திலேயே நிற்கும் வண்டி ஆளில்லாத வண்டியும் ஆகாது.

பட்டறைக்காரனிடம் வேறொரு பிடி இருக்கிறது, அதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவுப்படி, நாம் ஒப்படைத்த பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். நாம் சொல்லாத வேலைக்கு இது பொருந்தாது என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை நடத்தும் நேரத்தில் சாவி அவனிடம் இருக்கும். அதனால்தான் அவசர அவசரமாக என்ஜினைத் திறந்துவிடுகிறார்கள். என் விஷயத்தில் காவல் நிலையத்துக்குப் போனேன், ஒரு ஏட்டையா வந்து பேசினார், பாதித் தொகைக்கு வண்டி கைக்கு வந்தது. ஒரு குழாயும் இரண்டு கிளிப்பும் மாற்ற வேண்டிய வேலை.

இனி மற்ற வழிகள்.

உள்ளூர் மெக்கானிக்கை நடுவழிக்கே வரவழைப்பதுதான் இந்தக் கரையில் பெரும்பாலான பழுதுக்கு முதல் வழி என்பேன். பேட்டரி, ஃபேன் பெல்ட், குழாய், ஃபியூஸ், பஞ்சர் எல்லாம் நின்ற இடத்திலேயே முடியும் வேலைகள். தேவிபட்டினம், கீழக்கரை, தங்கச்சிமடம், சாயல்குடி என்று சிற்றூர் வரும் இடத்திலெல்லாம் பட்டறை உண்டு. விடுதியில் கேட்கலாம், டீக்கடையில் கேட்கலாம். நாளைக்கும் அதே ஊரில் முகத்தைக் காட்ட வேண்டியவர் என்பதால் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. குறை என்னவென்றால் இரவு ஒன்பதுக்கு மேல் கிளம்பி வர மாட்டார். மின்னணுக் கோளாறு என்றால் கையை விரித்துவிடுவார். அப்படிக் கையை விரிப்பதே ஒரு நேர்மை என்று உச்சிப்புளிக்குப் பிறகு எனக்குத் தோன்றுகிறது.

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அவர்களுடைய வேலை சாலையைக் காலி செய்து வண்டியைப் பாதுகாப்பான ஓரத்தில் சேர்ப்பது. உங்கள் வண்டியை உங்களுக்குப் பிடித்த பட்டறை வரை கொண்டுபோய் விடுவார்கள் என்று நம்பாதீர்கள். போகலூர் சுங்கச்சாவடியை ஒட்டிய பகுதியில் நின்றுவிட்டால் தயங்காமல் கூப்பிடலாம். பரமக்குடி–ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில்தான், 1,853 கோடி ரூபாய்க்கு, மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது முடியும்வரை இருவழிச் சாலையில் நின்றுபோன வண்டிக்குப் பின்னால் லாரி வரிசை சேர்ந்துவிடும், அந்த நெருக்கடியில்தான் நாமும் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவோம். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்றுபோனால் யோசிக்கவே வேண்டாம், 112. 1988-இல் திறந்த அந்தப் பாலத்தில் ஓரங்கட்டவே இடமில்லை.

இன்சூரன்ஸுடன் வரும் சாலையோர உதவி மீது எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. சாதாரண கார் பாலிசியிலேயே, விபத்தில் வண்டி ஓடாமல் போனால் அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுபோக ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய் வரை தருவோம் என்ற வரி இருக்கும். இருசக்கர வண்டிக்கு அது 300 ரூபாய். அது விபத்துக்கு மட்டும்தான். ரேடியேட்டர் குழாய் கிழிந்ததற்குச் செல்லாது. பழுதுக்கும் வண்டி வர வேண்டும் என்றால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சாலையோர உதவியைச் சேர்க்க வேண்டும். அதிலும் தூர வரம்பு உண்டு. என் பாலிசியில் 50 கிலோமீட்டர். கடற்கரையை விட்டு உள்ளே இருப்பவர்களுக்கு இது போதும். தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்: அங்கிருந்து ராமநாதபுரமே 70 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் கம்பெனியின் பட்டறை மதுரையில்தான் என்றால் மீதித் தூரத்துக்குக் கைக்காசுதான். பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள், போகும் தூரம் மட்டுமா, வண்டி திரும்பும் தூரமும் சேர்த்தா என்று.

திருப்பாலைக்குடியில் நின்றபோது, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போயிருந்தது. பாலிசிக் காகிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் குறுஞ்செய்தியில் வந்தன. வண்டி வர இரண்டேகால் மணி நேரம் ஆனது. கருவேலங்காட்டு ஓரத்தில் கொசுக்கடியோடு அந்த இரண்டேகால் மணி நேரம் போகவே இல்லை. நடுவில் இரண்டு ரெக்கவரி வண்டிகள் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின, ஒருவன் கண்ணாடியை இறக்கி "எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?" என்றான். வந்தவர் முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்தார், ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டார், என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு, எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே இரண்டேகால் மணி நேரம் காத்திருக்கலாம்.

கார் கம்பெனிகள் தரும் உதவியும் ஏறக்குறைய இதே மாதிரிதான், ஆனால் தங்கள் பட்டறைக்கு மட்டும்தான் கொண்டுபோவார்கள். உத்தரவாதக் காலத்தில் அது லாபம், பத்து வயதுக் காருக்கு நஷ்டம்.

வழியில் கைப்பேசியில் தேடி எடுக்கும் எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் சாயல்குடிப் பக்கம் அப்படி ஒரு எண்ணைப் பிடித்தார். வண்டி கிளம்பிவிட்டது, பாதித் தொகையை அனுப்புங்கள் என்று கியூஆர் குறியீடு வந்தது. அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. இன்னொரு வகை, பதிவுக் கட்டணம் 10 ரூபாய் என்று இணைப்பு அனுப்பி, செயலி ஒன்றை இறக்கச் சொல்லிக் கணக்கையே வழித்தெடுப்பது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேச வேண்டும், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் நஷ்டம்தான். தனுஷ்கோடிக்கு அப்பால் சாலை முடியும் அரிச்சல்முனைப் பக்கம் கைப்பேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துவிடுவதும் உண்டு, ஆகையால் எண்களைக் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் வைத்திருப்பது பழைய பழக்கம் என்று சிரிக்க வேண்டாம்.

மணல் வேறு கதை. கோதண்டராமர் கோவில் பக்கமோ அரிச்சல்முனையிலோ படம் எடுக்கச் சாலையை விட்டு இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். 2017-இல் சாலை திறக்கும்வரை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேன்களும் ஜீப்புகளும்தான் மணலில் ஆட்களை ஏற்றிப் போயின. அந்தக் கைப்பழக்கம் அங்குள்ளவர்களுக்கு இன்னும் இருக்கிறது. ஒரு ஜீப்பைக் கட்டி இழுக்க என்ன கேட்கிறார்களோ, அதை முதலிலேயே பேசித் தொகையை முடித்துக்கொண்டால் பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். அதற்கு முன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் தோண்டி, கால்மிதியைப் போட்டு மெதுவாக எடுத்துப் பாருங்கள். கயிற்றை பம்பரில் கட்ட விடாதீர்கள். ஸ்டெப்னிக் கருவிகளோடு இருக்கும் திருகுக் கொக்கி அதற்காகத்தான். மாலையானால் சோதனைச் சாவடியில் திருப்பிவிடுவார்கள், அந்த நேரத்தில் பேரம் பேச உங்களுக்கும் தெம்பு இருக்காது.

யாரை அழைத்தாலும் வண்டியின் வகையைக் கவனியுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு போவது சில கார்களுக்குப் பரவாயில்லை. ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம், மின்சாரக் கார் என்றால் மொத்தமாக மேடையில் ஏற்றும் வண்டியைத்தான் கேட்க வேண்டும். மின்சாரக் காரில் இயங்கும் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும். கொக்கி வண்டியோடு வந்து "ஒன்றும் ஆகாது" என்கிறவருக்குத் திரும்பும் வழியைக் காட்டிவிடுங்கள்.

டொராண்டோவில் இருக்கும் என் மைத்துனர் சொல்வார், அங்கேயும் விபத்து நடந்த இடத்துக்கு இழுவை வண்டிகள் பருந்து மாதிரி பாயும் காலம் இருந்தது என்று. ஒன்டாரியோவில் 2024 ஜனவரி முதல் இழுவை வண்டி நடத்துபவர்கள் அரசுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். நம் சாலையோரத்தில் அப்படி ஒரு சான்றிதழையோ, ஒரு கட்டண அட்டையையோ யாரும் என்னிடம் காட்டியதில்லை. அதனால் நாமே ஒரு அட்டை எழுத வேண்டியதுதான். இப்போது நான் யாரை ஏற்றச் சொன்னாலும், முதலில் ஒரு தாளில் மூன்று வரி எழுதுகிறேன்: எங்கிருந்து எங்கே, மொத்தம் எவ்வளவு, என்னைக் கேட்காமல் எந்த போல்ட்டையும் கழற்றக் கூடாது. ஓட்டுநரின் கையெழுத்தையும் வாங்கி, வண்டி எண் தெரியும்படி அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். திருப்பாலைக்குடிக்கு வந்தவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, மூன்றாவது வரியில் விரலை வைத்து, "ரொம்ப அடிபட்டிருப்பீர்கள் போலிருக்கிறதே, சார்" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.