தக்கலையில எங்க களத்துல போட்ட சிந்தெடிக் ஐஸ் தரை, ஒண்ணரை வருஷ அனுபவம்

நாங்க வாங்கினது சிந்தெடிக் ஐஸ் பேனல். பேருலதான் ஐஸ், சாதனம் முழுக்க பிளாஸ்டிக், 12 மில்லிமீட்டர் கனத்துல வெள்ளை பாலிஎத்திலீன் பலகை, ஒண்ணோட ஒண்ணு பல்லு பல்லா கோத்து விரிச்சிட்டா ஐஸ்ல போடுற அதே கத்தி ஷூவ (ஸ்கேட்) மாட்டிட்டு அது மேல ஓடலாம், கரன்ட் வேண்டாம், குளிர் வேண்டாம். தக்கலை பக்கத்துல எங்க வீட்டுக்குப் பின்னால 20 சதுர மீட்டர் விரிச்சிருக்கோம். போன வருஷம் மாசியில போட்டது, இப்ப ஆவணி, ரெண்டு ஆடிக் காத்தும் ஒரு ஐப்பசி மழையும் பாத்தாச்சு, அதனால இப்ப எழுதினா சரியா இருக்கும்னு தோணுது. அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். பொருளுக்கு நாலு, வித்தவங்க சொன்ன பேச்சுக்கு அரை குறைச்சிட்டேன்.

எதுக்கு இந்த ஊர்ல இதுன்னு கேப்பீங்க. நாங்க ஆறு வருஷம் கனடால பிராம்ப்டன்ல இருந்தோம். அங்க குளிர் வந்தா வீட்டுக்கு வீடு பின்முற்றத்துல ஐஸ் ரிங்க், அதாவது ஸ்கேட் போட்டு ஓடுற ஐஸ் தரை, கட்டுவாங்க, எங்க வீட்டுக்காரரும் மூணு வருஷம் கட்டினாங்க. சுத்தி பலகை அடிச்சு, உள்ள வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்ட விரிச்சு (கறுப்பு விரிச்சா வெயில இழுத்து அடியில இருந்தே உருகும்), நாலஞ்சு நாள் ராத்திரி பகலா மைனஸ்ல நிக்கும்னு உறுதியான பிறகு தண்ணி விடணும். 5 மீட்டருக்கு 10 மீட்டர் இடம், 10 சென்டிமீட்டர் ஐஸ் வேணும்னா 5,000 லிட்டர், அதாவது 5 டன் எடை. தரை ஒரு பக்கம் ஒரு சாண் சரிஞ்சிருந்தா அந்தப் பக்கம் தண்ணி மூணு மடங்கு ஆழமா நிக்கும், பலகை பிதுங்கும். பனி விழுந்தா உடனே வாரணும், இல்லேன்னா அது கம்பளி மாதிரி மூடிக்கிட்டு ஐஸ இறுக விடாது. கீறல் விழுந்ததுக்கு மேல ராத்திரி சுடுதண்ணிய மெல்லிசா விட்டா காலையில கண்ணாடி மாதிரி இருக்கும். ஐஸ் ஹாக்கி ஆடின வெய்ன் கிரெட்ஸ்கி கூட பிரான்ட்ஃபோர்டுல அவரோட அப்பா வால்டர் பின்முற்றத்துல கட்டின ரிங்க்லதான் பழகினாரு, புல்லுக்கு தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளர வச்சே அந்த அப்பா ஐஸ் போட்டிருக்காரு. எங்க மவ நாலு வயசுல இருந்து அப்படி ஒரு ஐஸ்லதான் ஓடினா. ஊருக்கு வந்த பிறகு ஷூவ எடுத்து துடைச்சு துடைச்சு அலமாரியில வைப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டா. அத பாக்க முடியல, அதுக்காகத்தான் வாங்கினோம்.

நம்ம நாட்டுல சிம்லால 1920ல தொடங்கின ரிங்க் இன்னும் இயற்கை ஐஸ்லதான் ஓடுது, ஆனா தக்கலையில இருந்து சிம்லாவுக்கு வாரக்கடைசி போயிட்டு வர முடியுமா.

விலை, நல்ல கிரானைட் தரை போடுறதைவிட பலமடங்கு ஆகும், மனச தயார் பண்ணிக்கோங்க. நாகர்கோவில் லாரி ஆபீஸ்ல வந்து இறங்கிச்சு, சதுர மீட்டருக்கு பதினோரு கிலோவுக்கு மேல, மொத்தம் 230 கிலோ கிட்ட, டெம்போ பிடிச்சு கொண்டு வந்தோம். ரெண்டு பேனல்ல பல்லு சரியா பொருந்தல. போட்டோ அனுப்பி, போன் பண்ணி, மாத்தி வர ரெண்டு மாசம் ஆச்சு, அதுவும் ஒண்ணுதான் மாத்தினாங்க, இன்னொண்ண எங்க ஆசாரி உளி வச்சு சரி பண்ணினாரு.

வித்தவங்க சொன்னது "எந்த தரையிலயும் விரிக்கலாம், பராமரிப்பே கிடையாது". ரெண்டும் தப்பு.

தரைய பத்தி முதல்ல. எங்க வீட்டுக்குப் பின்னால பழைய களம் உண்டு, மாமனார் காலத்துல கும்பப்பூ அறுத்து நெல்லு உணத்தினது, பிறகு ரப்பர் ஷீட்டும் காய வச்சாங்க. சிமென்ட்தானே, அப்படியே விரிச்சிரலாம்னு நினைச்சோம். ஆனா களம்னா மழைத்தண்ணி வடியணும்னு நடுவுல கொஞ்சம் மேடா, ஓரத்துல சரிவாத்தான் போட்டிருப்பாங்க. விரிச்ச முத நாளே பேனல் ஓரம் கால் வச்சா டக்கு டக்குனு ஆடிச்சு, கோத்த இடம் நூலளவு தூக்கி நின்னுது, அந்த நூலளவுல கத்தி மாட்டினா பிள்ளை குப்புற விழும். எல்லாத்தையும் எடுத்துட்டு கொத்தனாரை கூப்பிட்டோம். "எக்கா, இனி இதுல என்னத்த உணத்த போறீங்க, இவ்வளவு மட்டமா கேக்கீங்க"ன்னு கேட்டாரு, விஷயத்த சொன்னதும் டியூப் மட்டம் வச்சு, நீட்ட மட்டக்கட்டை போட்டு இழுத்து, மூணு நாள் எடுத்து அழகா பண்ணி குடுத்தாரு. இந்த மொத்த வேலையில எனக்கு முழு திருப்தி குடுத்தது அவரு வேலைதான்.

அடுத்து வெயில். பாலிஎத்திலீன் சூட்டுல நல்லா நீளும், ஒரு மீட்டருக்கு 10 டிகிரி ஏறினா 1ல இருந்து 2 மில்லிமீட்டர் வரைக்கும். நம்ம ஊரு பங்குனி வெயில்ல விடியக்காலைக்கும் மத்தியானத்துக்கும் அந்த வெள்ளை பலகையில எவ்வளவு வித்தியாசம் வரும்னு யோசிச்சுப் பாருங்க. எங்களுக்கு யாரும் சொல்லல, நாங்க நாலு பக்கமும் கைப்பிடிச்சுவர ஒட்டி இறுக்கமா வச்சிட்டோம். பங்குனியில ஒரு நாள் ரெண்டு மணிக்கு போய்ப் பாத்தா நடுவுல அப்பளம் பொரிஞ்ச மாதிரி உப்பி நிக்கி. சாயங்காலம் தானா அமர்ந்துட்டு, ஆனா ரெண்டு பல்லு உடைஞ்சு போச்சு. இப்ப நாலு பக்கமும் ரெண்டு விரல் இடம் விட்டு ஆசாரி மெஷின்ல அறுத்துட்டாரு, மேல ஷீட் கூரையும் போட்டாச்சு. கூரைக்கு ஆன செலவையும் சேத்துத்தான் விலைன்னு கணக்கு பண்ணுங்க.

மழைக்கதை வேற. பாலிஎத்திலீன் தண்ணிய விட லேசு, மிதக்கும். ஐப்பசியில ஒரு ராத்திரி பேய் மழை, வடிகால்ல தென்னமடல் அடைச்சு களத்துல வெள்ளம் ஏறிட்டு. காலையில பாத்தா கிணத்தடி பக்கத்து பேனல் வரிசை அப்படியே தூக்கி மிதக்குது, அடியில சேறும் சக்கை இலையும். 20 சதுர மீட்டரையும் கழட்டி, கழுவி, காய வச்சு, திரும்ப கோக்க நாலு பேருக்கு ஒரு பகல் முழுசா போச்சு.

இனி மேல ஓடுறது எப்படின்னு சொல்லணும். நிஜ ஐஸ் மாதிரி இல்ல. ஐஸுக்கு மேல தண்ணி மாதிரி ஒரு மெல்லிசு படலம் இருக்கு, அதுலதான் கத்தி வழுக்கும், பிளாஸ்டிக்ல அது கிடையாது. கனடால ஒரு தள்ளுல போற தூரத்துக்கு இங்க ரெண்டு தள்ளு வேணும், மவளுக்கு இருபது நிமிஷத்துல தொடை வலி வந்துரும். ஆனா திரும்புறது, ஒத்தக்கால்ல சுத்துறது, பின்னால போறது எல்லாம் நல்லாவே வருது, கால் மறக்கல. சத்தம்தான் அவளுக்கு குறை, ஐஸ்ல கத்தி கிழிச்சிட்டு போற அந்த கர்ர்ர் இங்க இல்ல, மொட்டையா சர் சர்னு கேக்கும். சிலிகான் ஸ்ப்ரே அடிச்சா கொஞ்சம் லேசாகும், ஆனா அதுலயே தூசி ஒட்டுது, அதனால நாங்க நிறுத்திட்டோம்.

விழுந்தா ஐஸ்ல ஈரம்தான் ஆகும், இதுல தோல் வழண்டு எரியும். முழுக்கை சட்டை, முட்டிக்கு பேட், ஹெல்மெட் இல்லாம ஏத்தாதீங்க.

பராமரிப்பு கிடையாதுன்னாங்களே, தினமும் உண்டு. கத்தி போற இடத்துல பிளாஸ்டிக் சீவி சீவி வெள்ளைத் துருவல் வரும். மவ சாக்ஸ்ல ஒட்டிக்கிட்டு அடுக்களை வரைக்கும் வந்து, எங்க மாமியார் தேங்கா துருவல்னு நினைச்சு "யாரு மக்ளே இப்படி சிந்தினது"ன்னு திட்டினாங்க. அத வாரியல் வச்சு முற்றத்துக்கு தள்ளக்கூடாது, கிணத்துக்கும் வயலுக்கும்தான் போகும், வேக்குவம் வச்சு எடுத்து பையில கட்டி வைக்கேன். அதைவிட பெரிய எதிரி மணல். ஆடியில ஆரல்வாய்மொழி பக்கமிருந்து அடிக்கிற மாதிரி இங்க காத்து இல்லேன்னாலும் பொடி மண் வந்து படியும், ஒரு சின்ன மணல்தரி போதும் கத்தி முனை போயிரும். ஓடி முடிச்சதும் தார்ப்பாய் போட்டு மூடணும், வாரத்துக்கு ஒரு தடவை சோப்புத்தண்ணி விட்டு துடைக்கணும்.

கத்தி சாணை பிடிக்கிறது எங்களுக்கு இன்னும் தீராத பிரச்சன. இதுல ஐஸவிட சீக்கிரம் மழுங்குது, அவளுக்கு நாலஞ்சு மணிநேர ஓட்டத்துலயே வித்தியாசம் தெரியும். ஸ்கேட் கத்திக்கு அடியில நடுவுல பள்ளம் இருக்கும், ரெண்டு ஓரமும் சம உயரத்துல இருக்கணும், வெட்டுக்கத்தி சாணை பிடிக்கிறவங்க கிட்ட குடுத்தா பள்ளத்த தட்டையாக்கி விட்டுருவாங்க. கனடால இருந்து கொண்டு வந்த கைச்சாணை ஒண்ணு இருந்ததால தப்பிச்சோம். வாங்குறவங்க பேனலோட சேத்து அதையும் வாங்கிருங்க.

ஏற்கனவே ஐஸ்ல ஓடி பழகின பிள்ளை வீட்டுல இருந்தா இத தைரியமா வாங்கலாம். புதுசா பழகணும்னா வேண்டாம், அந்த மட்டம் பாத்து போட்ட சிமென்ட் தரைய மட்டும் போட்டு ரோலர் ஸ்கேட் வாங்கி குடுங்க, செலவு ரொம்ப கம்மி. ஆர்டர் போடுறதுக்கு முன்னால ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி காலையில ஒரு தடவை, மத்தியான வெயில்ல ஒரு தடவை டேப் வச்சு அளந்து பாருங்க. ரெண்டு பக்கமும் உபயோகிக்கிற மாதிரி உள்ளதா கேளுங்க, எங்களோடது அப்படித்தான், மேல் பக்கம் இப்ப நல்லா கோடு விழுந்துட்டு, ஐப்பசிக்கு முன்னால எல்லாத்தையும் பிரட்டி போடணும். வடிகால இந்த தடவை முதல்லயே தோண்டிட்டோம்.